அமாங்: ஒதுக்கிப்போட்ட கருமணலும் ஒரு மாணவனின் கேள்வியும்

கடந்த தவணையில் படிவம் 4 மாணவர்களுக்கு வாய்மொழிப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தேன். நாளிதழில் வந்த ஒரு செய்தியைச் சொந்த வார்த்தைகளில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. பின்வரிசையில் உட்காரும் மாணவன் ஒருவன் அரியமண் தனிமங்களைப் பற்றிய செய்தியை எடுத்துக்கொண்டான். திக்கித் திணறிச் சொல்லி முடித்துவிட்டு, உட்காராமல் நின்றான். "டீச்சர், நம்ம தோட்டத்துக்குக் கீழயும் இது இருக்குமா? இருந்தா, அந்த வேலைக்கு நம்மள எடுப்பாங்களா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் பாட்டி கேமரன் மலையில் கொழுந்து பறித்தவர். அப்பா தோட்ட லோரி ஓட்டுகிறார். அவன் கேட்டவை இரண்டு கேள்விகள். முதல் கேள்விக்கு நிலவியல் படித்தவர் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது கேள்விக்கு வரலாற்றில்தான் பதில் தேட முடியும். தமிழாசிரியை நான். ஆனாலும் கருத்து விளக்கக் கட்டுரைக்கு 'தொழில் துறையும் இளைஞர்களும்' என்று தலைப்புக் கொடுப்பவர்கள் நாம்தானே. அந்தத் தலைப்புக்குள் என்ன இருக்கிறது என்று நாமும் கொஞ்சம் பார்க்கலாம்.

மலையின் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். வில்லியம் கேமரன் ஒரு தோட்டத் துரை என்றுதான் நம் மாணவர் பலர் நினைக்கிறார்கள். அவர் அரசு நில ஆய்வாளர். 1885-ல் பேராக், பகாங் எல்லையில் வரைபடம் எடுக்கப் போனவர், மலைகளுக்கு நடுவே ஒரு மேட்டுநிலத்தைப் பார்த்ததாகக் குறிப்பு எழுதினார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். அவர் இங்கே தேயிலை நடவில்லை, வீடு கட்டவில்லை. அளந்தார், எழுதினார், பெயர் நிலைத்தது. செமாய், தெமியார் மக்களுக்கு இந்த மலை தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த இடம். அவர்களுக்குத் தெரிந்தது காகிதத்தில் ஏறவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க இதே கதைதான் திரும்பத் திரும்ப வரும்.

அதே 1885-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரைக்கும் நாட்டின் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டது. எதை ஏற்றிப்போக? வெள்ளீயத்தை. கேமரன் மலைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் விரிந்து கிடக்கும் கிந்தா பள்ளத்தாக்கு அப்போதுதான் சூடுபிடித்துக்கொண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகம் பயன்படுத்திய வெள்ளீயத்தில் பாதிக்கு மேல் மலாய் மாநிலங்களிலிருந்து போனது. இன்று 'முக்கியக் கனிமங்கள்' என்று எதையெல்லாம் சொல்கிறார்களோ, அன்றைக்கு அந்த இடத்தில் வெள்ளீயம் இருந்தது. தகர டின்னில் அடைத்த உணவு இல்லாமல் ஐரோப்பியப் படைகள் நகர முடியாது. அந்தத் தகரத்துக்கு மேல்பூச்சு வெள்ளீயம்.

இங்கே ஒரு சொல் விளக்கம், தேர்வு எழுதுபவர்களுக்கு. நம் நாட்டில் 'ஈயம்' என்றாலே டின்தான். ஈயக்குட்டை, ஈயச் சுரங்கம் என்கிறோம். ஆனால் தமிழில் ஈயம் இரண்டு: வெள்ளீயம், காரீயம். தமிழ்நாட்டுச் சமையலறையில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் அதுவே. காரீயம் நச்சு உலோகம், பேட்டரியில் இருப்பது. கட்டுரையில் வெறும் 'ஈயம்' என்று எழுதினால் திருத்துபவர் குழம்பலாம். முதல் முறை 'வெள்ளீயம்' என்று எழுதிவிடுங்கள்.

சரி, தேயிலைக்கு வருவோம். 1925-ல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் மலைக்கு வந்து பார்த்த பிறகுதான் இதை மலைவாசத்தலமாக்கும் திட்டம் உறுதியானது. 1926-ல் தாப்பாவிலிருந்து சாலை வேலை தொடங்கியது. 1929-ல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியவர் ஜே. ஏ. ரஸ்ஸல். அவருக்குத் துணையாக ஏ. பி. மில்ன் என்ற அனுபவமுள்ள தோட்டக்காரர் இலங்கையிலிருந்து வந்தார். இதுவரை எல்லாச் சுற்றுலாக் கையேட்டிலும் இருக்கும்.

கையேட்டில் பெரும்பாலும் இல்லாதது என்னவென்றால், ரஸ்ஸல் தேயிலைக்கு வருவதற்கு முன் சுரங்கத் தொழிலில் ஊறியவர். சிலாங்கூர் பத்து ஆராங்கில் நிலக்கரி தோண்டிய மலாயன் கோலியரீஸ் நிறுவனம் 1913-ல் உருவானபோது அதன் பின்னணியில் இருந்தவர் அவர். அந்த நிலக்கரி ரயிலை ஓட்டியது, மின்நிலையங்களை இயக்கியது, ஈயச் சுரங்க இயந்திரங்களுக்கும் எரிபொருளானது. அந்தக் காலத்தில் நிலக்கரி இல்லாமல் வெள்ளீயம் இல்லை. ஆக, மண்ணைத் தோண்டும் தொழிலில் வளர்ந்த ஒருவர்தான் மலையில் தேயிலை நட வந்தார். என் மாணவனின் பாட்டி பறித்த கொழுந்துக்கும் சுரங்கத்துக்கும் உறவு அன்றைக்கே தொடங்கிவிட்டது. 1960-ல் பத்து ஆராங் சுரங்கம் மூடப்பட்டது. எண்ணெய் மலிவானதும் நிலக்கரியின் 'முக்கியம்' போய்விட்டது. கனிமத்துக்கு முக்கியத்துவம் வருவதும் போவதும் இப்படித்தான்.

இனி என் தாத்தாவின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவர் பத்து காஜா பக்கம் ஈயக் கப்பலில் வேலை பார்த்தவர். ஈயக் கப்பல் என்றால் கடலில் போகும் கப்பல் இல்லை. குளம் போல நீர் நிறைந்த நிலத்தில் மிதந்துகொண்டே, சங்கிலியில் கோத்த இரும்பு வாளிகளால் அடிமண்ணை அள்ளி மேலே கொண்டுவந்து அலசும் பெரிய இயந்திரம். மலாயில் 'கப்பால் கோரெக்' என்பார்கள். தஞ்சோங் துவாலாங்கில் 1938-ல் கட்டப்பட்ட ஐந்தாம் எண் கப்பல் இன்று காட்சியகமாக நிற்கிறது. அது 1982 வரைக்கும் வேலை செய்தது. எடை ஏறக்குறைய 4,500 டன். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாம், தாப்பாவில் இறங்கிப் போனால் பெரிய தூரமில்லை.

தாத்தா எண்ணெய் போடும் வேலையில் சேர்ந்தவர். பள்ளிக்கூடம் போனது மூன்று வருசம். ஆனால் ஈரமணலை உள்ளங்கையில் வாங்கிக் குலுக்கியே, "இதுல சரக்கு இருக்கு", "இது சும்மா மண்ணு" என்று சொல்லிவிடுவாராம். மந்திரமில்லை அது. வெள்ளீயத் தாது சாதாரண மணலைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. டூலாங் தட்டில் தண்ணீர்விட்டுச் சுழற்றினால் லேசான மணல் வெளியே போய்விடும், கனமான கருமணல் அடியில் தங்கும். டூலாங், மரத்தால் கட்டிய நீளமான பாலோங், இந்த ராட்சதக் கப்பல், எல்லாமே இந்த ஒரே விதியில்தான் இயங்கின: கனமானது கீழே தங்கும்.

கீழே தங்குவது எல்லாம் வெள்ளீயம் இல்லை என்பதுதான் இந்தக் கதையின் திருப்பம். அதோடு வேறு கனமான மணிகளும் தங்கும். இல்மனைட், சிர்க்கோன், மோனசைட், செனோடைம். வெள்ளீயத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் இந்தக் கருமணலுக்கு 'அமாங்' என்று பெயர். தாத்தாவுக்கு அமாங் தெரியும். "குப்பை, ஓரமா கொட்டுவோம்" என்பார். அமாங்குக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மோனசைட்டில் சீரியம், லாந்தனம், நியோடிமியம் இருக்கின்றன, கூடவே கதிரியக்கமுள்ள தோரியமும் இருக்கிறது. செனோடைமில் யிட்ரியமும் டிஸ்புரோசியமும் இருக்கின்றன. இன்று மின்சாரக் காருக்கும் காற்றாலைக்கும் கைத்தொலைபேசிக்கும் உலகம் தேடி அலைவது இவற்றைத்தான். நாம் குப்பை என்று கொட்டிய மேட்டின் மேல் வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டன.

அந்த மணலுக்குள் என்ன இருந்தது என்று யாருக்குமே தெரியாதா? தெரியும். கூட்டு மலாய் மாநிலங்கள் 1903-லேயே ஜே. பி. ஸ்க்ரிவெனோரை அரசு நிலவியலாளராக நியமித்துவிட்டன. அலுவலகம் பத்து காஜாவில். கனிமங்களைக் கண்ணாடிக்கடியில் வைத்துப் பார்த்தார்கள், பெயரிட்டார்கள், அறிக்கை எழுதினார்கள். சுரங்க அதிகாரிகளும் பொறியாளர்களும் வெளியிலிருந்து வந்தார்கள். பலர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் 1888-ல் தோன்றிய காம்போர்ன் சுரங்கப் பள்ளியில் படித்தவர்கள். கார்ன்வாலில் வெள்ளீயம் தீர்ந்துகொண்டிருந்தது. ஆனால் தோண்டும் படிப்பு தீரவில்லை, அதை ஏற்றுமதி செய்தார்கள். தாது நம்மிடம், படிப்பு அவர்களிடம்.

நம்மிடம் இருந்த பள்ளி எது? 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல அப்படி வந்தவைதான். அது நமக்குக் கிடைத்த பெரும்பேறு, மறுக்கவில்லை. அந்தப் பள்ளி இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை நான் எழுதவும் நீங்கள் படிக்கவும் முடியாது. ஆனால் அந்தச் சட்டம் எழுத்தும் கணக்கும் கொடுத்தது, அதற்கு மேல் ஏணி வைக்கவில்லை. தொடக்கப் பள்ளியை முடித்த பிள்ளை மறுநாள் கூடையைத் தூக்கியது, அல்லது கப்பலுக்கு எண்ணெய் போடப் போனது.

இந்தியாவில் 1926-லேயே தன்பாத்தில் சுரங்கக் கல்விக்கூடம் திறக்கப்பட்டது. அதுவும் ஆங்கிலேயர் ஆட்சிதான், ஆனாலும் இந்திய இளைஞர்கள் அங்கே சுரங்கப் பொறியாளர்களாகப் படித்து வெளிவந்தார்கள். உலகின் பாதி வெள்ளீயத்தைக் கொடுத்த மலாயாவில் அப்படி ஒரு பட்டப்படிப்பு வர எத்தனை வருசம் ஆனது தெரியுமா? சயின்ஸ் மலேசியா பல்கலைக்கழகத்தில் பொருளறிவியல், கனிம வளப் பொறியியல் பள்ளி தொடங்கியது 1984-ல்.

அடுத்த வருசம் என்ன நடந்தது என்பதை வரலாற்று மாணவர்கள் தேதியோடு நினைவில் வைக்க வேண்டும். 1985 அக்டோபர் 24. உலக வெள்ளீய விலையைத் தாங்கிப்பிடித்துக்கொண்டிருந்த அனைத்துலக வெள்ளீய மன்றத்தின் கையில் பணம் தீர்ந்தது. லண்டன் உலோகச் சந்தையில் வெள்ளீய வாணிபம் நின்றது. மீண்டும் திறந்தபோது விலை ஏறத்தாழ பாதியாகக் கிடந்தது. கிந்தாவில் சுரங்கம் சுரங்கமாக மூடினார்கள். நம் பகாங்கிலும் அதே கதை. சுங்கை லெம்பிங்கில் 1906 முதல் நடந்துவந்த, உலகின் மிக ஆழமான வெள்ளீயச் சுரங்கங்களில் ஒன்றான நிலத்தடிச் சுரங்கம் 1986-ல் மூடப்பட்டது. படிப்பு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது தொழில் பின்வாசல் வழியாகப் போய்விட்டது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஈயத்துக்குப் பெயர்போன துரோனோவில் இந்தப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இயங்கியது. அந்த இடம் 1997-ல் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமானது. ஈய ஊரில் எண்ணெய்ப் படிப்பு! சுரங்கப் படிப்போ இன்று பினாங்கு மாநிலத்தின் நிபோங் தெபால் வளாகத்தில் நடக்கிறது.

தாத்தா அதற்கு முன்பே வேலையை விட்டு நின்றுவிட்டார். கையில் ஒரு சான்றிதழ் கிடையாது. கப்பல் போனதும் அவர் உள்ளங்கைக்குத் தெரிந்த வித்தையும் போனது. கடைசிவரைக்கும் ஒரு கடைக்குக் காவல் இருந்தார்.

இதே 1980களில்தான் அமாங் பழிவாங்கியது. 'பழிவாங்கியது' என்று எழுதினால் மாணவர் கட்டுரையில் நான் சிவப்பு மையில் கோடு போட்டிருப்பேன், மன்னிக்கவும். ஈப்போ பக்கத்தில் லாஹாட், புக்கிட் மேராவில் 1982-ல் ஏசியன் ரேர் எர்த் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி குழுமத்துக்கும் அதில் பங்கு உண்டு. அமாங்கிலிருந்து எடுத்த மோனசைட்டைக் கரைத்து அரியமண் தனிமங்களைப் பிரித்தார்கள். வண்ணத் தொலைக்காட்சிக்குத் தேவையான யிட்ரியமும் அதில் ஒன்று. மிஞ்சியது தோரியம் கலந்த கழிவு. அதைப் பாப்பான் சிற்றூர் அருகே புதைக்கத் திட்டமிட்டபோது 1984-ல் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜப்பானிலிருந்து சடாவோ இச்சிகாவா என்ற அறிஞர் கருவியோடு வந்து கதிர்வீச்சை அளந்தார். ஊர் மக்கள் தங்கள் சொந்த ஊரின் மண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ள வெளிநாட்டிலிருந்து ஒருவர் கருவி கொண்டுவர வேண்டியிருந்தது.

வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. புக்கிட் மேரா மக்களுக்காக உழைத்த வழக்கறிஞர்களில் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் மீனாட்சி ராமனும் ஒருவர். 1987-ல் ஓப்ஸ் லாலாங் நடவடிக்கையில் அவரும் கைதானார். 1992 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொல்லித் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு இறுதியில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆனாலும் 1994-ல் நிறுவனமே மூடிக்கொண்டு போனது. சட்டப்படி தோற்று, நடைமுறையில் வென்ற வழக்கு. தொழிலாளிக்கும் அண்டை வீட்டுக்காரருக்கும் தாம் எதைத் தொடுகிறோம் என்று முன்பே தெரிந்திருந்தால் எத்தனை வீடுகளில் துயரம் குறைந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இதே மோனசைட்டுக்குத் தமிழ் மண்ணிலும் ஒரு பழைய கதை உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க மிகவும் உதவும். அந்தக் காலத்துக் காஸ் விளக்கின் மேன்டில் வலை பளீரென்று எரியத் தோரியம் வேண்டும். தோரியம் மோனசைட்டில் இருக்கிறது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணல் மணிகளைப் பார்த்தார், அது மோனசைட் என்று கண்டார். நாரைப் பின்தொடர்ந்து மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். கயிறு திரித்த நம்மவர் கைகளில் ஒட்டியிருந்த மணல்தான். கையில் ஒட்டியதைத் தட்டிவிட்டோம், அவர் எடுத்துப் படித்தார். பல ஆண்டுகள் அந்த மணல் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போனது. விடுதலைக்குப் பிறகு இந்தியா மோனசைட்டை அப்படியே ஏற்றுமதி செய்வதைத் தடுத்தது. 1950-ல் இந்திய அரியமண் நிறுவனத்தை அமைத்தது, 1952-ல் கேரளத்து ஆலுவாவில் ஆலை திறந்தது. அதனால் இந்தியா இத்துறையில் உலகின் முதலிடத்துக்கு வந்துவிடவில்லை என்பதும் உண்மை. தடை போட்டால் மட்டும் போதாது, தொடர்ந்து படிப்பும் முதலீடும் வேண்டும் என்பதற்கு அதுவே சாட்சி.

இப்போது நம் காலத்துக்கு வந்துவிட்டோம். 'முக்கியக் கனிமங்கள்' என்ற சொல் செய்தியில் தினமும் அடிபடுகிறது. ஒரு கனிமம் முக்கியமானதா என்பதை யார் முடிவுசெய்கிறார்கள்? அமெரிக்கா 2022-ல் 50 கனிமங்களைப் பட்டியலிட்டது. அதில் வெள்ளீயம் உண்டு. இந்தியா 2023-ல் 30 கனிமங்களை அறிவித்தது. அதிலும் வெள்ளீயம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 34 கனிமங்கள் கொண்ட பட்டியலில் வெள்ளீயம் இல்லை. ஆக, 'முக்கியம்' என்பது கல்லில் எழுதியிருக்கும் குணமில்லை. யாருக்கு எது கிடைக்காமல் போய்விடுமோ, அது அவருக்கு முக்கியம். 1985-ல் மதிப்பிழந்த அதே வெள்ளீயம் இன்று மின்னணுக் கருவிகளைப் பற்றவைக்கும் சோல்டர் கம்பிக்காக மறுபடியும் தேடப்படுகிறது. பேராக்கில் கிளியான் இந்தானில் இன்றும் வெள்ளீயச் சுரங்கம் நடக்கிறது.

அரியமண் தனிமங்கள் மொத்தம் 17. பெயரில்தான் 'அரிய', பூமியில் அவை அவ்வளவு அரிதில்லை. ஓரிடத்தில் திரண்டு கிடப்பதுதான் அரிது. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பது அதைவிடக் கடினம், ஏனென்றால் வேதியியல் குணத்தில் இவை இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. பிரித்துச் சுத்திகரிக்கும் வேலையில் உலக அளவில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சீனாவின் கையில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் சீனா ஏழு தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததும் கார் தொழிற்சாலைகள் பதறின. சீனாவுக்கு வெளியே இருக்கும் மிகப் பெரிய பிரிப்பு ஆலைகளில் ஒன்று நம் மாநிலத்தில், குவாந்தான் அருகே கெபேங்கில் உள்ள லைனஸ் ஆலை. 2012-ல் தொடங்கியது. தாது ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்டிலிருந்து வருகிறது. கழிவைப் பற்றிய சர்ச்சை புக்கிட் மேராவின் நிழலிலேயே தொடர்கிறது. அதே ஆலை 2025-ல் டிஸ்புரோசியம் ஆக்சைடையும் பிரித்தெடுத்தது.

2023 செப்டம்பரில் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம், அரியமண் தாதுவைப் பதப்படுத்தாமல் ஏற்றுமதி செய்வது தடைசெய்யப்படும் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். நாட்டில் கதிரியக்கமில்லா அரியமண் வளம் 16.1 மில்லியன் டன் என்பது கனிம, புவி அறிவியல் துறையின் மதிப்பீடு. இது மதிப்பீடுதான், தோண்டி எடுத்துவிட்ட அளவு இல்லை. மாணவர்கள் இந்த எண்ணை எழுதும்போது 'மதிப்பிடப்பட்ட' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது.

இந்தக் 'கதிரியக்கமில்லா' வகை எது? இங்கேதான் என் மாணவனின் முதல் கேள்விக்கு வருகிறேன். கிரானைட் பாறை மழையிலும் வெயிலிலும் இலட்சக்கணக்கான ஆண்டுகள் மட்கிக் களிமண்ணாகும்போது, பாறையிலிருந்த அரியமண் அயனிகள் களிமண் துகள்களின் மேல் லேசாக ஒட்டிக்கொண்டு நிற்கும். தித்திவங்சா மலைத்தொடர் கிரானைட் மலை. கிந்தாவுக்கு வெள்ளீயத்தைக் கொடுத்ததும் இந்தக் கிரானைட்தான், நம் தேயிலை வேரூன்றி நிற்பதும் அது மட்கிய புளிப்பு மண்ணில்தான். அதற்காக நம் தோட்டத்துக்கடியில் புதையல் இருக்கிறது என்று அர்த்தமில்லை. எவ்வளவு இருக்கிறது, எடுத்தால் கட்டுப்படியாகுமா என்பதை ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். "இருக்கலாம்" என்பதற்கும் "இருக்கிறது" என்பதற்கும் நடுவில்தான் ஒரு நிலவியலாளரின் வாழ்நாள் உழைப்பு இருக்கிறது.

எடுக்கும் முறையைக் கேட்டால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆச்சரியமாக இருக்கும். மலைச்சரிவில் துளைகள் போட்டு அமோனியம் சல்பேட் கரைசலை உள்ளே விடுகிறார்கள். அமோனியம் அயனி களிமண்ணில் போய் உட்கார்ந்துகொள்ளும், அரியமண் அயனி இடம் விட்டுக் கரைசலோடு கீழே இறங்கி வரும். அமோனியம் சல்பேட் யாருக்குத் தெரியாது? தோட்டத்தில் உர மூட்டை தூக்கியவர்களுக்கு நன்றாகவே தெரியும். இதைச் சொன்னதும் என் வகுப்பில் சிரித்த பிள்ளைகளும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கரைசல் சரியாகச் சேகரிக்கப்படாவிட்டால் அது எங்கே போகும் என்று கேட்டேன். "ஆத்துக்கு" என்றார்கள் ஒரே குரலில். இந்த மலையில் அதை யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. 2013 அக்டோபரில் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்து உயிர் பறித்ததை அவர்கள் வீட்டில் இன்னும் பேசுகிறார்கள். சரிவில் வெட்டிய மண் ரிங்லெட் அணை ஏரியில் வந்து நிறைவதை அவர்கள் பள்ளிப் பேருந்திலிருந்தே பார்க்கிறார்கள்.

இம்முறையில் நாட்டின் முன்னோடித் திட்டம் 2022-ல் பேராக்கின் கெனெரிங்கில் தொடங்கியது. மற்ற மாநிலங்களும் யோசித்துக்கொண்டிருக்கின்றன. நிலமும் கனிமமும் மாநில அரசின் அதிகாரத்தில் இருப்பவை. அதனால் முடிவுகள் ஒரே இடத்தில் எடுக்கப்படுவதில்லை. தோண்டலாமா வேண்டாமா என்ற விவாதத்தில் எனக்கும் கருத்து உண்டு. நீர்ப்பிடிப்புச் சரிவுகளில் கைவைக்கக் கூடாது என்பது என் கட்சி. ஆனால் அந்த விவாதத்தில் நம் பிள்ளை எந்த நாற்காலியில் உட்காருவான் என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய கவலை. நீரைச் சோதிப்பவராகவா, கரைசலைக் கணக்கிடும் பொறியாளராகவா, ஊர் மக்களுக்காக வாதாடும் வழக்கறிஞராகவா, இல்லை மறுபடியும் மூட்டை தூக்குபவராகவா? தோட்டத்தில் இப்போது மூட்டை தூக்கவும் கொழுந்து எடுக்கவும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்துவிட்டார்கள். அந்த நாற்காலிகூட நமக்காகக் காத்திருக்கவில்லை.

படிக்க இடம் இருக்கிறது. நிபோங் தெபாலில் கனிம வளப் பொறியியல். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நிலவியல். கிளந்தான், ஜெலியில் புவி அறிவியல். ஈப்போவில் கனிம ஆய்வு மையம். பூட்டியிருக்கும் கதவு பல்கலைக்கழகத்தில் இல்லை, படிவம் 4-ல் இருக்கிறது. பாடப்பிரிவு தேர்வு செய்யும்போது "கஷ்டம்பா, விட்டுடு" என்று வேதியியலையும் பௌதிகத்தையும் கைவிட வைப்பவர்களில் நாமும் இருக்கிறோம். நான் அப்படிச் சொல்லியிருக்கிறேன். தமிழில் நல்ல மதிப்பெண் எடுக்கும் பெண் ஒருத்தியை, 'அவளுக்கு மொழிதான் வரும்' என்று நானே முடிவு கட்டியிருக்கிறேன்.

தமிழாசிரியர் செய்யக்கூடியது சின்ன காரியம்தான். இந்த வருசம் என் வகுப்பில் சொல் பயிற்சிக்குப் பாறை, கனிமம், தாது, உலோகம் என்ற நான்கு சொற்களை எடுத்துக்கொண்டேன். கனிமங்கள் சேர்ந்தது பாறை. எடுத்தால் கட்டுப்படியாகும் அளவுக்கு உலோகம் உள்ள கனிமம் தாது. அதை உருக்கினால் உலோகம். கிந்தாவில் அமாங் கனிமமாக மட்டும் இருந்த காலமும் உண்டு, தாதுவாக மாறிய காலமும் உண்டு. மாறியது மணல் இல்லை, விலையும் அறிவும். இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொண்ட மாணவர் கட்டுரையை எங்கிருந்து தொடங்கினாலும் வழி தவறமாட்டார்.

போன மாதம் தாத்தாவின் பழைய பெட்டியிலிருந்து மில்க் மெய்ட் டப்பா ஒன்றை வகுப்புக்கு எடுத்துப் போனேன். உள்ளே ஒரு பிடி கருமணல். எதற்காக வைத்திருந்தார் என்று தெரியவில்லை. பழுதான ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கழற்றிய நியோடிமியம் காந்தத்தைக் காகிதத்துக்கு அடியில் பிடித்து மணலைத் தூவினோம். சில மணிகள் ஓடிவந்து ஒட்டின, சில நகரவே இல்லை. அமாங் ஆலைகளிலும் காந்தத்தை வைத்துத்தான் ரகம் பிரிக்கிறார்கள் என்றேன். பின்வரிசைப் பையன் மேசைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தான். "ஒட்டுறதுக்குப் பேரு என்ன டீச்சர்?" என்றான். பெரும்பாலும் இல்மனைட்டாக இருக்கும் என்றேன். "அப்ப ஒட்டாம நிக்கிறதுக்கு?"

அறிவியல் ஆசிரியரிடம் அனுப்பிவைத்தேன். டப்பாவையும் கொடுத்துவிட்டேன்.